அகக்காழும் புறக்காழும்: மரவளையக் காலக்கணிப்பும் வன்னியின் சமூக வரலாறும்

1

வன்னிப் பெருநிலப்பரப்பின் வரலாற்றை எழுத முற்படுவோர் எதிர்நோக்கும் முதற் பிரச்சினை காலவரையறைப் பிரச்சினையாகும். வையாபாடல் வன்னியரின் வருகையைக் கூறுகின்றது. 1736ஆம் ஆண்டளவில் மயில்வாகனப் புலவரால் ஒல்லாந்த அதிகாரியொருவரின் வேண்டுகோளுக்கிணங்க எழுதப்பெற்ற யாழ்ப்பாண வைபவமாலையும் அதனைக் கூறுகின்றது. ஆயினும் இந்நூல்கள் தரும் ஆண்டுகள் ஒன்றோடொன்று பொருந்துவனவல்ல. ஒல்லாந்தர் விட்டுச்சென்ற ஆவணங்கள் பனங்காமம், முள்ளியவளை, கரிக்கட்டுமூலை, கருநாவற்பத்து, மேல்பத்து, தென்னமரவாடி ஆகிய பிரிவுகளையும், வன்னியத் தலைவர்கள் செலுத்த வேண்டிய யானைத் திறையையும் பற்றிப் பேசுகின்றன. அவ்வாவணங்களில் வன்னி திறை கொடுக்கும் நிலமாகத் தோற்றமளிக்கின்றதேயன்றி, மனிதர் வாழ்ந்து உழைத்த நிலமாகத் தோற்றமளிப்பதில்லை. 1895இல் வெளிவந்த ஜே. பி. லூயிசின் வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல் நிருவாகியொருவரின் கண்கொண்டு எழுதப்பட்டதாகும்.

மக்களின் பக்கத்தில் நின்று எழுந்த இலக்கியங்களோ காலக்குறிப்பு எதுவுமின்றி நிற்கின்றன. யானையை அடக்கிய அரியாத்தையைப் பாடும் வேலப்பணிக்கன் ஒப்பாரி, குருவிப்பள்ளு, பண்டிப்பள்ளு முதலியன வயலிலும் வளவிலும் வாய்மொழியாக வாழ்ந்தவை. அவற்றை எந்த நூற்றாண்டில் வைத்து ஆராய்வது என்ற வினாவுக்கு மொழிநடையை மாத்திரம் ஆதாரமாகக் கொண்டு விடை கூறுதல் இயலாது. இலக்கியத்தை அதன் சமூகத் தளத்திற் பொருத்திப் பார்ப்பதே நமது ஆய்வுநெறியாகும். தளத்தின் காலமே தெளிவற்றிருக்கும்பொழுது மேற்கட்டுமானத்தைப் பற்றிய கூற்றுக்கள் ஊகங்களாகவே எஞ்சும்.

காலவரையறை வெறும் அறிவுத்துறைப் பிரச்சினையுமன்று. குருந்தூர்மலை தொடர்பாக 2018ஆம் ஆண்டு முதல் முல்லைத்தீவு மாவட்டத்தில் நிலவிவரும் பிணக்கு, தொல்பொருட் சின்னமொன்றின் காலமும் உரிமையும் இன்றைய நிலவுடைமையோடு எவ்வளவு நெருக்கமாகப் பிணைக்கப்பட்டுள்ளன என்பதைக் காட்டப் போதுமானது. 'யார் முன்பு வந்தார்' என்ற வினாவைச் சுற்றியே இரு தரப்புத் தேசியவாதிகளும் வரலாற்றை நிறுத்திவைத்துள்ளனர். 'யார் உழைத்தார், எந்நிலைமைகளில் உழைத்தார், உழைப்பின் பயன் யாரைச் சென்றடைந்தது' என்ற வினாக்கள் பின்தள்ளப்பட்டுள்ளன.

இப்பின்னணியிலேயே மரவளையக் காலக்கணிப்பு என்னும் இயற்கை விஞ்ஞான முறையை நாம் இங்கு கவனத்திற் கொள்கின்றோம். மரத்தாலான பழைய கட்டடங்களின் காலத்தை அவற்றின் மரத்திலிருந்தே அறியும் முறை இது. இம்முறை வன்னிக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதையும், பொருந்துமிடத்து அது எவருடைய வரலாற்றைப் பேசும், எவருடைய வரலாற்றைப் பேசாது விடும் என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

மரத்தின் தண்டு பருப்பது பட்டைக்கு உட்புறமாகவுள்ள மாறிழையத்தின் செயற்பாட்டினாலாகும். வளர்ச்சிக்கேற்ற பருவத்தில் அகன்ற கலங்களும், வளர்ச்சி குன்றும் பருவத்தில் நெருங்கிய தடித்த கலங்களும் உருவாகின்றன. ஓராண்டின் நெருங்கிய கலங்களும் அடுத்த ஆண்டின் அகன்ற கலங்களும் சந்திக்கும் இடமே நாம் வளையமெனக் காணும் கோடாகும். மழையும் வெப்பமும் ஆண்டுதோறும் வேறுபடுதலின் வளையங்களின் அகலமும் வேறுபடுகின்றது. ஒரே பிரதேசத்தில் வாழும் ஒரே இன மரங்கள் ஒரே வரட்சியை அனுபவிக்கின்றன. ஒரே ஆண்டில் ஒடுங்கிய வளையத்தை இடுகின்றன.

வளையங்களை எண்ணுவது மாத்திரம் காலக்கணிப்பு ஆகாது. ஒரு மரத்தின் அகன்ற, ஒடுங்கிய வளையங்களின் வரிசையை இன்னொரு மரத்தின் வரிசையோடு ஒப்பிட்டு, பொருந்துமிடத்தைக் கண்டறிவதே இம்முறையின் உயிர்நாடியாகும். சுவடிப் பதிப்பாசிரியரின் பணியோடு இதனை ஒப்பிடலாம். முன்னேடுகள் சிதைந்த ஒரு சுவடியும் பின்னேடுகள் சிதைந்த இன்னொரு சுவடியும் கிடைக்கும்பொழுது, இரண்டிற்கும் பொதுவான பகுதியைக் கொண்டு முழு நூலையும் அவர் மீட்டெடுக்கின்றார். இன்று உயிரோடு நிற்கும் மரத்தின் உள்வளையங்கள் பழைய வீட்டுத் தீராந்தியின் வெளிவளையங்களோடு பொருந்துகின்றன. அத்தீராந்தியின் உள்வளையங்கள் அதனினும் பழைய கட்டடமொன்றின் மரத்தோடு பொருந்துகின்றன. இவ்வாறு ஒன்றன்மேலொன்றாகப் படிந்து செல்லும் வரிசையே ஆண்டு அட்டவணையாகின்றது.

இம்முறையை நெறிப்படுத்தியவர் அமெரிக்க வானியலாளரான ஏ. ஈ. டக்ளஸ் ஆவார். சூரியனின் செயற்பாட்டுக்கும் காலநிலைக்குமுள்ள தொடர்பைத் தேடியே அவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரிசோனாவின் பைன் மரங்களை ஆராயத் தொடங்கினார். அப்பிரதேசத்துப் பழங்குடி மக்களின் கைவிடப்பட்ட குடியிருப்புக்களில் எஞ்சிய மரங்கள் அவருக்கு இரண்டாவது வரிசையொன்றைத் தந்தன. 585 ஆண்டுகள் நீண்ட அவ்வரிசை உயிர்மரங்களின் அட்டவணையோடு இணையாது மிதந்து நின்றது. 1929ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஷோ லோ என்னும் ஊரில் அகழ்ந்தெடுக்கப்பட்ட கருகிய தீராந்தியொன்று இரண்டையும் இணைத்தது. எழுத்து ஆவணம் எதனையும் விட்டுச்செல்லாத மக்களின் வீடுகளுக்கு ஆண்டுகள் கிடைத்தன. 1276 முதல் 1299 வரை அங்கு நிலவிய பெருவரட்சியும் தெரியவந்தது. பின்னர் ஐரோப்பாவின் ஓக், பைன் மரங்களைக் கொண்டு ஆக்கப்பட்ட தொடரட்டவணை 12,000 ஆண்டுகளையும் தாண்டிச் சென்றது.

இவ்வரலாற்றில் நமது கவனத்துக்குரியது ஒன்றுண்டு. எழுத்தறிவு அதிகாரத்தின் கருவியாக இருந்த சமுதாயங்களில், எழுதப்படாத மக்களுக்கு ஆண்டு மறுக்கப்பட்டே வந்தது. கற்சிலைமடுவில், 1803ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆம் திகதி பண்டாரவன்னியனை வென்றதாகப் பிரித்தானியப் படைத்தலைவனின் பெயரால் நினைவுக்கல் நடப்பட்டது. வென்றவன் தன் ஆண்டைக் கல்லில் வெட்டுவிக்கின்றான். மரமோ எவருடைய கட்டளையுமின்றித் தன் ஆண்டைத் தன்னுள்ளே எழுதிக்கொள்கின்றது.

3

குளிர்ப் பிரதேசங்களில் உருவான இம்முறை பருவமழைப் பிரதேசங்களுக்குப் பொருந்தாதென நெடுங்காலம் கருதப்பட்டது. வெப்பவலயத்தில் மாரிக்கால ஓய்வு இல்லை. ஆதலின் தெளிவான ஆண்டு வளையமும் இல்லை என்பதே வாதம். இவ்வாதம் முழுமையான உண்மையன்று. நீண்ட வரட்சியும் வளர்ச்சியைத் தடுக்கவல்லது. யாவாவின் தேக்கு மரங்களைக் கொண்டு பேர்லாகே என்பவர் 1514 முதல் 1929 வரையான அட்டவணையொன்றை 1931இல் வெளியிட்டார். நமக்கு அண்மையிலுள்ள கேரளத்துத் தேக்கைக் கொண்டு, பூனாவிலுள்ள இந்திய வெப்பவலய வானிலையியல் நிறுவனத்தைச் சார்ந்த போர்காங்கரும் பிறரும் 1481 முதல் 2003 வரையான 523 ஆண்டுகளின் வளையப் பதிவை 2010இல் வெளியிட்டனர். பருவமழை பொய்த்த ஆண்டுகளுக்கும் எல் நினோ நிகழ்வுகளுக்குமுள்ள தொடர்பு அப்பதிவிற் புலப்படுகின்றது.

அதே 2010இல் வெளிவந்த பக்லி முதலியோரின் ஆய்வு இன்னொரு வகையில் நமக்கு முக்கியமானது. வியட்நாமின் மலைக்காட்டு மரங்களிலிருந்து ஏறத்தாழ ஏழரை நூற்றாண்டுக் காலநிலைப் பதிவை மீட்ட அவ்வாய்வு, 14ஆம், 15ஆம் நூற்றாண்டுகளின் நீண்ட வரட்சிகளையும் இடையிடையே நேர்ந்த கடும் மழைகளையும் அங்கோர் அரசின் வீழ்ச்சியோடு தொடர்புபடுத்துகின்றது. அங்கோர் நீர்ப்பாசனத்தில் நிலைத்த சமுதாயம். வன்னியும் குளங்களில் நிலைத்த சமுதாயமே. குளங்கள் தூர்ந்து காடேறியமைக்குப் படையெடுப்பு, காய்ச்சல், அந்நியராட்சி எனப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. மழை எவ்வாண்டுகளிற் பொய்த்தது என்பது தெரியாதவரை இவற்றின் ஒப்பீட்டு முக்கியத்துவத்தை எடையிடுதல் கடினம். எனினும் வரட்சி தானாகவே ஒரு சமுதாயத்தை வீழ்த்துவதில்லை. குளக்கட்டைப் பேணும் கூட்டுழைப்பு எவ்வுறவுகளால் ஒழுங்கமைக்கப்பட்டிருந்தது, விளைச்சல் குன்றிய ஆண்டிலும் திறையும் வரியும் அறவிடப்பட்டனவா என்பவையே வரட்சியைப் பஞ்சமாக்குவன. மரவளையம் வரட்சியின் ஆண்டைத் தரும். பஞ்சத்தின் காரணத்தைத் தருவது சமூக ஆய்வேயாகும்.

கேரளத்து அட்டவணையை அப்படியே எடுத்து வன்னித் தீராந்தியின்மேல் வைத்தலும் ஆகாது. கேரளம் தென்மேற்குப் பருவமழையால் வாழ்வது. வன்னி ஒக்டோபர் முதல் சனவரி வரை வடகீழ்ப் பருவமழையால் நனைந்து, மே முதல் செப்டெம்பர் வரை காய்வது. அத்துடன் தேக்கு இலங்கைக்கு இயல்பாக உரிய மரமன்று. வன்னிக் காட்டின் மரங்கள் பாலை, முதிரை, கருங்காலி, சமண்டலை, வீரை முதலியன. இவற்றுட் பாலை என்றும் பசுமையானது. பங்குனி, சித்திரை மாதங்களிற் பெய்யும் சிறுமழையும் வளர்ச்சியைத் தூண்டுமாயின், ஒரே ஆண்டில் இரு கோடுகள் விழுதல் கூடும். கடும் வரட்சியில் ஒரு கோடும் விழாது போதலும் கூடும். எனவே எம்மரத்தின் கோடு ஆண்டுக்கோடு என்பதை முதலில் நிறுவவேண்டும்.

அதற்கு வழியுண்டு. 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வளிமண்டலத்தில் நடாத்திய அணுகுண்டுப் பரிசோதனைகள் காபன்-14இன் அளவை ஏறத்தாழ இருமடங்காக்கின. அக்காலத்தில் உயிரோடிருந்த ஒவ்வொரு மரத்திலும் அவ்வேற்றம் பதிவாகியுள்ளது. இன்று நிற்கும் பாலையிலோ முதிரையிலோ கோடுகளை வெளியிலிருந்து உள்நோக்கி எண்ணிச் சென்று, 1963, 1964க்குரியதெனக் கருதப்படும் கோட்டின் அயலில் அவ்வேற்றத்தின் உச்சம் காணப்படின், அக்கோடுகள் ஆண்டுக்கோடுகளே எனத் துணியலாம். ஏகாதிபத்திய யுகத்தின் நச்சே விஞ்ஞானத்துக்கு அளவுகோலாக அமைகின்றமை வரலாற்றின் முரண்நகையாகும்.

இன்னுமொரு வழி 2012இல் திறந்தது. கி.பி. 774, 775க்குரிய வளையங்களில் காபன்-14 திடீரென உயர்ந்திருப்பதை யப்பானிய ஆய்வாளர் மியாக்கே முதலியோர் கண்டறிந்தனர். 993ஆம் ஆண்டளவிலும் இத்தகைய உயர்வொன்று உண்டு. இவ்வுயர்வுகள் உலகெங்குமுள்ள மரங்களிற் பதிவானவை. இரண்டாவது உயர்வைக் கொண்டே, கனடாவின் நியூபவுண்லாந்தில் வைக்கிங் மக்கள் வெட்டிய மரங்கள் 1021ஆம் ஆண்டில் வெட்டப்பட்டவை என்பது 2021இல் நிறுவப்பட்டது. பிரதேச அட்டவணை இல்லாதவிடத்தும் ஓராண்டுத் துல்லியம் சாத்தியம் என்பதே இதன் பொருள்.

வன்னியில் இன்று எஞ்சியுள்ள கட்டட மரங்களிற் பெரும்பாலானவை இவ்வளவு தொன்மையானவையல்ல. அவை ஒல்லாந்த, பிரித்தானியர் காலத்தன. 1650க்கும் 1950க்கும் இடைப்பட்ட காலத்துக்குத் தனியொரு காபன்-14 அளவீடு தெளிவான விடை தருவதில்லை. அக்காலத்து வளிமண்டல அளவு ஏறியும் இறங்கியும் நின்றமையால் ஒரே அளவீட்டுக்குப் பல ஆண்டுகள் பொருந்துகின்றன. வளையங்களை எண்ணி, ஒரே மரத்தின் பல வளையங்களை அளந்து, அவ்வரிசையைப் பொருத்திப் பார்க்கும்பொழுதே விடை குறுகுகின்றது. ஆகவே வளையத்தை வாசிக்கக் கற்றல் வன்னிக்கு இன்றியமையாததாகின்றது.

4

இவ்விடத்தில் நமது மரபிலக்கணம் துணைக்கு வருகின்றது. தொல்காப்பிய மரபியல் தாவரங்களை இரண்டாகப் பகுக்கின்றது. அகத்தே காழ் உடையவற்றை மரம் என்றும், புறத்தே காழ் உடையவற்றைப் புல் என்றும் அது கொள்கின்றது. காழ் என்பது வைரம். ஓலை, மடல், பாளை, ஈர்க்கு முதலிய உறுப்புப் பெயர்களை அது புல்லின் பாற்படுத்துதலின், பனையும் தென்னையும் மரபியலாரின் பார்வையிற் புல்லேயாகும். இன்றைய தாவரவியலும் இவற்றை ஒருவித்திலைத் தாவரங்கள் என்றே வகுக்கின்றது. உழவரும் தச்சரும் கையாற் கண்டறிந்த வேறுபாட்டை இலக்கணநூல் தொகுத்துக் கூறியது எனக் கொள்வதே பொருத்தமானது. பொருளுற்பத்தியின் அனுபவமே அறிவாகப் படிந்துள்ளது.

இப்பாகுபாடு மரவளையக் காலக்கணிப்பின் எல்லைக்கோடுமாகும். அகக்காழ் மரத்திற்கு மாறிழைய வளையம் உண்டு. ஆதலின் ஆண்டு வளையமும் உண்டு. புறக்காழ்த் தாவரத்திற்கு அது இல்லை. பனை நூறாண்டு நின்றாலும் அதன் தண்டில் ஆண்டுக்கோடு ஒன்றுமில்லை. பனங்கைமரத்தையும் பனஞ்சிலாகையையும் எவ்வளவு நுணுகி நோக்கினும் நார்களின் புள்ளிகளே தெரியும்.

இனி, வீடுகளை நோக்குவோம். வன்னியின் கமக்காரனுடைய வீடு மண்சுவரும் கிடுகு அல்லது வைக்கோற் கூரையுமாக இருந்தது. காட்டிலிருந்து வெட்டிய இளங்கம்புகளும் பனஞ்சிலாகையும் அதன் எலும்புக்கூடு. இளங்கம்பிலே இருபது முப்பது வளையங்களே இருத்தல் கூடும். நம்பகமான பொருத்தத்திற்கு ஐம்பது வளையங்களாவது வேண்டுமென ஆய்வாளர் பொதுவாகக் கொள்கின்றனர். கூரை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வேயப்பட்டது; கம்புகளைக் கறையான் தின்றது. முற்றிய பாலையும் முதிரையும் தீராந்தியாகவும் தூணாகவும் நிலையாகவும் சென்று சேர்ந்த இடங்கள் வேறு. கோட்டைகள், கச்சேரிகள், வாடிவீடுகள், தேவாலயங்கள், பெருங்கோயில்கள், நிலவுடைமையாளரின் நாற்சார வீடுகள் ஆகியனவே அவை. கருங்காலி ஒல்லாந்தரின் நாற்காலியாயிற்று. முதிரை ஐரோப்பியச் செல்வரின் தளபாடமாகக் கடல் கடந்தது.

எனவே மரவளைய அட்டவணை எவ்வளவு துல்லியமாக அமையினும், அது வகிக்கும் சாட்சியம் வர்க்கச் சார்புடையது. வைரமரத்தை விலைகொடுத்தோ அதிகாரத்தாலோ பெறவல்லார் ஆண்டைப் பெறுகின்றனர். புறக்காழின் கீழ் வாழ்ந்தோர் ஆண்டின்றி மறைகின்றனர். வன்னியத் தலைமைகளுள் முதன்மையானதாக விளங்கிய பனங்காமமே பனையின் பெயரைத் தாங்கி நிற்பினும், பனையின் வரலாறு வளையத்தில் எழுதப்படவில்லை.

இதனை வெறும் பழங்கதையாகக் கொள்ளுதலும் தவறு. 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் இனவன்செயல்களை அடுத்து மலையகத்திலிருந்து வெளியேற்றப்பட்ட தொழிலாளர் குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளிற் குடியேறின. தேயிலைத் தோட்டத்தின் லயன் அறையை விட்டு வந்தவர்கள் காட்டை வெட்டித் திருத்திக் கம்பும் கிடுகும் கொண்ட குடிசைகளை அமைத்தனர். பிறருடைய வயல்களிற் கூலியுழைப்பாளராயினர். வன்னியின் அண்மைக்கால உற்பத்தியில் அவர்களுடைய பங்கு பெரிது. அவர்கள் அமைத்த குடிசைகளோ எந்த ஆய்வுகூடத்துக்கும் ஓராண்டைத் தரமாட்டா. மரம் பேசாதவிடத்து வாய்மொழி வழக்கும், பாடலும், ஒப்பாரியும், காணி உறுதியும், கூலிக் கணக்கும் பேசவேண்டும். தண்ணிமுறிப்பை நிலைக்களனாகக் கொண்டு 1973இல் வெளிவந்த அ. பாலமனோகரனின் நிலக்கிளி நாவலை வன்னியின் சமூக ஆவணமாகவும் நாம் படிக்கவேண்டியிருப்பது இதனாலேயாகும். இயற்கை விஞ்ஞானம் இலக்கிய ஆய்வை விலக்குவதில்லை. அதன் தேவையை மேலும் கூர்மையாக்குகின்றது.

5

மரவளையம் தருவது கட்டடத்தின் ஆண்டன்று. மரம் வீழ்த்தப்பட்ட ஆண்டு என்பதை மனங்கொள்ளல் வேண்டும். இது இம்முறையின் குறைபாடாகக் கூறப்படுவதுண்டு. சமூக வரலாற்று மாணவனுக்கு இதுவே அதன் சிறப்பாகும். கட்டடத்தின் ஆண்டு பெரும்பாலும் அதனைக் கட்டுவித்தவனின் ஆண்டு. மரம் வீழ்ந்த ஆண்டோ கோடரி பிடித்தவனின் ஆண்டு. காட்டினுள் நின்று வெட்டியவனும், மாட்டு வண்டியில் ஏற்றிச் சென்றவனும், வாள் கொண்டு அரிந்தவர்களும், உளி பிடித்த தச்சனும் கட்டடத்தின் கல்வெட்டில் இடம்பெறுவதில்லை. அவர்களுடைய உழைப்புநாளை மரத்தின் கடைசி வளையம் குறித்து வைத்திருக்கின்றது.

அவ்வளையம் எப்பொழுதும் எஞ்சியிருப்பதில்லை என்பதும் உண்மை. வெளிறு கறையானுக்கும் உழுவுக்கும் இரையாவதை அறிந்த தச்சர் அதனைச் செதுக்கி நீக்கி வைரத்தையே கட்டடத்திற்கு வைப்பர். அவ்வாறாயின் கிடைப்பது மரம் இதற்கு முன்பு வெட்டப்பட்டிருக்க முடியாது என்ற எல்லை மாத்திரமே. பட்டையோ வெளிறோ ஒட்டியுள்ள ஒரு மூலை, தீராந்தியின் மறைந்த பக்கத்தில் எஞ்சியிருப்பின் அது மிகப் பெறுமதி வாய்ந்ததாகும்.

இவ்வாறு பெறப்படும் ஆண்டுகளைக் காட்டுச் சட்டங்களின் ஆண்டுகளோடு வைத்துப் பார்த்தல் பயனுடையது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிக் கட்டளைச் சட்டம், உரிமை நிறுவப்படாத காடும் தரிசும் முடிக்குரியவை என்ற ஊகத்தைச் சட்டமாக்கியது. வன்னியின் கிராமத்தவர் தலைமுறைகளாகக் கம்பு வெட்டியும், தேன் எடுத்தும், சேனை செய்தும் வாழ்ந்த காடு ஒரேயடியாக அந்நிய அரசின் சொத்தாயிற்று. 1882இல் வின்சென்ட் என்பவரின் அறிக்கை இலங்கைக் காடுகளின் நிருவாகத்தை ஆராய்ந்தது. 1885இல் காட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. 1887இல் காட்டுத் திணைக்களம் நிறுவப்பட்டது. 1905இல் வடபகுதிப் புகையிரதப் பாதை வன்னியை ஊடறுத்து யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைத்தது. காட்டு மரம் பயன்பாட்டுப் பொருள் என்ற நிலையிலிருந்து சரக்கு என்ற நிலைக்கு மாறிய வரலாறு இது. கிராமத்தவன் தன் வீட்டுக்கு வெட்டிய மரம் குற்றமாகவும், ஒப்பந்தகாரன் சந்தைக்கு வெட்டிய மரம் வருமானமாகவும் ஆயின.

காட்டில் நிற்கும் முதுமரங்களும் இதற்குச் சாட்சியாகும். அயல்மரம் வெட்டுண்டபொழுது எஞ்சி நின்ற மரம் கூடுதல் ஒளியும் நீரும் பெற்றுச் சில ஆண்டுகள் அகன்ற வளையங்களை இடும். ஒரு பகுதியிலுள்ள பல மரங்கள் ஒரே காலத்தில் இவ்வாறு விரிந்து வளர்ந்திருப்பின், அங்கு பெருவெட்டு நடந்த காலத்தை அறியலாம். 1964 டிசெம்பரில் வடபகுதியைத் தாக்கிய சூறாவளி போன்ற நன்கறிந்த நிகழ்வுகள் அவ்வட்டவணையைச் சரிபார்க்கும் அடையாளங்களாக உதவும்.

6

இவ்வாய்வை நாளைக்கென ஒத்திவைத்தல் இயலாமைக்குக் காரணம் போராகும். 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னிப் பெருநிலப்பரப்பின் கட்டடங்களிற் பெரும்பகுதி சிதைந்தது. கிளிநொச்சியிலிருந்து புதுக்குடியிருப்பு ஊடாக முள்ளிவாய்க்கால் வரை இடம்பெயர்ந்த மக்கள், கூரைத் தகடுகளையும் ஓடுகளையும் கதவு நிலைகளையும் கழற்றி உழவு இயந்திரங்களில் ஏற்றிச் சென்றனர். வீட்டு மரமே பதுங்குகுழியின் மேல்மூடியாயிற்று, பின்னர் விறகாயிற்று. மரம் மறுபயன்பாட்டுக்கு உட்படுதல் எல்லா நாடுகளிலும் காலக்கணிப்பாளர் எதிர்நோக்கும் சிக்கலாகும். வன்னியில் அது உயிர் காக்கும் முயற்சியின் பதிவுமாகும். இன்று ஒரு வீட்டில் காணப்படும் பழைய நிலையொன்று எந்த ஊரில் வெட்டப்பட்டது, எத்தனை ஊர்களைக் கடந்து வந்தது என்பதை வளையம் கூறாது. அதனைச் சுமந்தவர்களே கூறமுடியும். அவர்களும் முதுமையடைந்து வருகின்றனர்.

போர் மரத்தினுள்ளும் எழுதப்படுகின்றது. இரண்டாம் உலகப்போரின்பொழுது நோர்வேயின் கோஃபியோர்ட் குடாவில் நின்ற யேர்மனியப் போர்க்கப்பலான திர்பிற்சை மறைப்பதற்காக நச்சுப் புகை பரப்பப்பட்டது. அயலிலிருந்த பைன் மரங்கள் ஊசியிலைகளை இழந்து 1945ஆம் ஆண்டளவில் மிக ஒடுங்கிய வளையங்களை இட்டன. சிலவற்றில் வளையமே இல்லை. கிளாடியா ஹாட்ல் முதலியோர் 2018இல் வெளியிட்ட இம்முடிவு நமக்கு ஒரு வழியைக் காட்டுகின்றது. முல்லைத்தீவின் கரையோரத்திலும் உட்காட்டிலும் எறிகணைகளுக்குத் தப்பி நிற்கும் அகக்காழ் மரங்களில் முடி முறிந்த ஆண்டும், தீக்காயம்பட்ட ஆண்டும் தேடப்படத்தக்கவை. அரசியல் அதிகாரம் எண்ணிக்கைகளை மறுக்கலாம், எல்லைகளை மூடலாம். மரத்தின் காயத்துக்கு அது கட்டளையிட முடியாது.

போரின் பின்வந்த மீள்கட்டுமானமும் ஒருவகையில் அழிவை நிறைவேற்றுகின்றது. இந்திய உதவி வீடமைப்பின் கீழும் பிற திட்டங்களின் கீழும் பல்லாயிரம் வீடுகள் எழுந்தன. 2016இல் 65,000 உருக்கு வீடுகளைப் பொருத்தும் திட்டம் முன்வைக்கப்பட்டபொழுது, அது பிரதேசத்தின் வெப்பநிலைக்கும் வேலைவாய்ப்புக்கும் ஒவ்வாதெனக் கடும் எதிர்ப்பு எழுந்தது. மக்களுக்கு வீடு வேண்டும் என்பதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. ஆயினும் இடிந்த கட்டடத்தை அகற்றும்பொழுது அதன் தீராந்தியிலிருந்து ஒரு குறுக்குவெட்டைத் தானும் எடுத்து வைக்காமை, மீள எழுத முடியாத ஏடொன்றைத் தீயிலிடுவதற்கு ஒப்பாகும். விரலளவு துளைத்தண்டு ஒன்று போதும். கட்டடத்துக்கு அதனாற் கேடில்லை.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில் இயங்குகின்றது. வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகம் இயங்குகின்றது. தாவரவியலாரும், வரலாற்றாசிரியரும், இலக்கிய மாணவரும், முதிய தச்சரும் ஒருங்கே அமர்ந்து மேற்கொள்ளவேண்டிய பணி இது. முதலில், எம்மரத்தின் கோடு ஆண்டுக்கோடு என்பது நிறுவப்படல் வேண்டும். அடுத்து, உயிர்மரங்களின் அட்டவணை ஆக்கப்படல் வேண்டும். அதனோடு சமகாலத்தில், அகற்றப்படும் ஒவ்வொரு பழைய மரத்தின் மாதிரியும், அது எங்கிருந்து வந்ததென உரியவர் கூறும் வாய்மொழியும் ஒரே பதிவேட்டிற் சேர்க்கப்படல் வேண்டும். மாதிரியின்றி வாய்மொழி ஆண்டிழக்கும். வாய்மொழியின்றி மாதிரி மனிதரை இழக்கும்.

இனவாத வரலாறு மரத்திடமும் 'நீ யாருடையவன்' என்றே வினவும். பாலைமரத்தில் இனத்தின் அடையாளம் இல்லை. மழை பெய்த ஆண்டும், பெய்யாத ஆண்டும், கோடரி விழுந்த ஆண்டுமே அதில் உள்ளன. அக்கோடரியைப் பிடித்த கையைத் தேடுவதே நமது பணி. அகக்காழ் நமக்கு ஆண்டைத் தரும். புறக்காழின் கீழ் வாழ்ந்து மறைந்தோரின் கதையை அவ்வாண்டுகளின் அருகில் நிறுத்தி எழுதும்பொழுதே வன்னியின் வரலாறு மக்களின் வரலாறாக நிறைவுபெறும்.